கயிற்றில் ஏறும் கிளைடர்: சிமுலேட்டர் எதுவரை உண்மை?

கிளைடர் விமானத்துக்கு எஞ்சின் கிடையாது. போதிய உயரம் கிடைத்துவிட்டால், வெயிலில் சூடேறி எழும் காற்றிலும் மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றிலும் அது மணிக்கணக்கில் மிதக்கும். அந்த உயரத்துக்கு அதைக் கொண்டுசேர்க்க வேறொன்று வேண்டும். இதற்கு உலகெங்கும் இரண்டு முறைகள் நிலைத்திருக்கின்றன. எஞ்சின் உள்ள சிறு விமானம் ஒன்று ஐம்பது, அறுபது மீட்டர் நீளக் கயிற்றில் கிளைடரைக் கட்டி இழுத்துச் சென்று, சுமார் 600 மீட்டர் உயரத்தில் விட்டுவிடுவது ஒரு முறை. மற்றது வின்ச். மைதானத்தின் மறுகோடியில் ஓர் எஞ்சின் பெரிய உருளையைச் சுழற்றி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளக் கம்பியைச் சுருட்டும். அந்த வேகத்தில் கிளைடர், ஓடி இழுக்கப்படும் காற்றாடிபோல, செங்குத்தாக மேலேறும். முன்னதற்கு ஐந்தாறு நிமிடம் ஆகும். வின்ச்சில் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஒரு கிளைடர் பயணத்தில் விமானிக்கு யோசிக்க மிகக் குறைந்த நேரம் கிடைப்பதும், தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள மிகக் குறைந்த உயரம் கிடைப்பதும் இந்தக் கட்டத்தில்தான். வீட்டுக் கணினியில் ஓடும் சிமுலேட்டர்கள் இப்போது இந்த இரண்டு முறைகளையும் காட்டுகின்றன. அவை எந்த அளவுக்கு உண்மையைப் பிடிக்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பது பயிற்சி பெறுபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய செய்தி.

மும்பையில் இருப்பவருக்கு இது வெறும் ஆர்வக் கேள்வி அன்று. ஆண்டாப் ஹில் குடியிருப்புகளின் மொட்டைமாடியில் நின்றால் பயணிகள் விமானங்கள் தாழ்ந்து வருவதைப் பார்க்கலாம். அத்தனை நெரிசலான வான்பரப்பில் கிளைடருக்கு இடமில்லை. அருகிலுள்ள கிளைடர் மைதானம், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நடத்திவந்த புனே ஹடப்சர் மையம். மலைத்தொடரைத் தாண்டி நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மாட்டுங்காவிலோ செம்பூரிலோ படிக்கும் ஒரு மாணவர் ஒருநாள் விடுமுறையில் அங்கே போய்வந்தால், அவருக்குக் கிடைக்கக்கூடியது ஓரிரு ஏற்றங்கள். இடைப்பட்ட வாரங்களில் கை மறந்துபோகும். அந்த இடைவெளியில்தான் சிமுலேட்டருக்கு வேலை இருக்கிறது.

ஹடப்சரின் வழக்கமான முறை வின்ச் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கணினியில் கிளைடரைத் தொடங்குபவர்களில் பலர் விமான இழுவையைத்தான் முதலில் பழகுகிறார்கள். அதில் எவ்வளவு தேறினாலும், வின்ச் மைதானத்தில் முதல் நாள் கொக்கியில் கம்பி மாட்டப்படும்போது அந்தத் தேர்ச்சியில் பெரும்பகுதி உதவாது. எந்த மைதானத்தில் பறக்கப்போகிறோமோ அந்த மைதானத்தின் முறையையே வீட்டிலும் பழக வேண்டும்.

இந்தியாவுக்கு இந்தத் துறையில் சொந்த மரபு உண்டு. சிவில் விமானத் துறையின் தொழில்நுட்பப் பிரிவில் எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த அசுவினி கிளைடர் 1958-இல் பறந்தது. அதைத் தொடர்ந்து 1961-இல் ரோகிணியும், 1963-இல் ஒற்றை இருக்கை கொண்ட கார்த்திக்கும் வந்தன. 1979-இல் ஆர்த்ரா பறந்தது. ரோகிணியில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்வார்கள். மாணவரின் கை தயங்குவதை ஆசிரியர் பக்கவாட்டில் திரும்பாமலே பார்த்துவிடலாம். கயிற்றேற்றத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல அமைப்பு அமைவது அரிது. வீட்டுச் சிமுலேட்டரில் இல்லாத முதல் பொருள், பக்கத்தில் இருக்கும் அந்த ஆசிரியர்.

பறக்காமலே பறப்பைப் பழகும் முயற்சி கணினிக்கு வெகுகாலம் முந்தியது. ஜெர்மனியின் தொடக்ககாலக் கிளைடர் பள்ளிகளில், கிளைடரை ஒரு தாங்கியின் மேல் அசையும்படி பொருத்தி, எதிர்க்காற்றில் நிறுத்தி, மாணவரை அதில் அமர்த்தி இறக்கைகளைச் சமனாக வைத்திருக்கப் பழக்கினார்கள். அமெரிக்காவில் எட்வின் லிங்க் 1929-இல் உருவாக்கிய பயிற்சிப் பெட்டி, அவருடைய குடும்பத் தொழிலான இசைக்கருவித் தயாரிப்பின் காற்றுத் துருத்திகளைக்கொண்டு அசைந்தது. முதலில் கேளிக்கைப் பூங்காக்களில்தான் அது விற்றது. 1934-இல் அஞ்சல் சுமந்த ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் இறந்த பின்னரே அமெரிக்க ராணுவம் அதை வாங்கியது.

இன்றைய கணினிச் சிமுலேட்டர்களில் கிளைடருக்கென்றே எழுதப்பட்டது ஸ்லோவேனியாவின் காண்டோர். 2005-இல் வெளிவந்த அதில் விமான இழுவை, வின்ச் இரண்டும் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் 2006-இல் ஒரு கிளைடரையும் அதை இழுக்கும் விமானத்தையும் தந்தது. அதே வரிசையில் பின்னர் வந்த பதிப்பில் 2022 நவம்பரில் கிளைடர்களும் இரண்டு ஏற்ற முறைகளும் சேர்ந்தன. எக்ஸ்-பிளேன் இன்னொன்று. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியரில், இரண்டு பேர் இரண்டு கணினிகளில் அமர்ந்து, ஒருவர் இழுக்க மற்றவர் இழுபடலாம்.

விமான இழுவையில் கிளைடர் விமானி செய்ய வேண்டியது சொல்லுக்கு எளிது: முன்னால் போகும் விமானத்தின் பின்னால், அதன் இறக்கையும் புரொப்பெல்லரும் கிளப்பிவிடும் கலங்கிய காற்றுக்குச் சற்று மேலே, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். தொடுவானத்தோடு ஒப்பிட்டு இழுவிமானம் எங்கே தெரிகிறது என்பதே அதற்கு அளவு. விலகல் சிறிதாக இருக்கும்போதே கண்டு, சிறிதாகத் திருத்த வேண்டும். பெரிதான பிறகு திருத்தினால் கிளைடர் மறுபக்கம் பாயும். மறுபடி திருத்தினால் இந்தப் பக்கம் வரும். ஒவ்வொரு ஊசலும் முந்தையதைவிடப் பெரிதாகும்.

ஆகவே கண்ணுக்குத் தெரியும் அளவே எல்லாவற்றுக்கும் அடிப்படை. வீட்டுச் சிமுலேட்டரின் மிகப்பெரிய பொய் இந்த இடத்தில்தான் நுழைகிறது. பத்து மீட்டர் இறக்கையுள்ள இழுவிமானம் அறுபது மீட்டர் தூரத்தில் இருந்தால், அது கண்ணில் ஏறத்தாழ ஒன்பதரை டிகிரி கோணத்தை அடைக்கும். 24 அங்குலத் திரையின் அகலம் 53 சென்டிமீட்டர். அதன் முன் 60 சென்டிமீட்டர் தள்ளி அமர்பவருக்கு இழுவிமானம் உண்மை அளவில் தெரிய வேண்டுமானால், திரையில் அதன் இறக்கை 10 சென்டிமீட்டர் நீளமாக இருக்க வேண்டும். ஆனால் அந்தத் திரை உண்மையில் அடைப்பது 48 டிகிரிக் காட்சியைத்தான். பக்கவாட்டிலும் கொஞ்சம் தெரியட்டும் என்று காட்சிக் கோணத்தை 90 டிகிரிக்கு விரித்து வைப்பது பலருடைய வழக்கம். அப்படி வைத்தால் இறக்கை நாலரை சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். இழுவிமானம் இரண்டு மீட்டர் மேலே நகர்ந்தால் திரையில் அது 2 சென்டிமீட்டர் நகர வேண்டும். விரித்த காட்சியில் நகர்வது 9 மில்லிமீட்டர்தான். விலகலை விமானி தாமதமாகவே கவனிக்கிறார். கவனித்ததும் அதிகமாகத் திருத்துகிறார். கணினியில் இழுவை முடியவே முடியாத காரியம் என்று கைவிடுபவர்களில் பலருக்குத் தடையாக இருப்பது கையின் திறமைக் குறைவைவிட இந்த ஓர் அமைப்புத்தான். காட்சிக் கோணத்தைச் சுருக்கி, திரையை முகத்தருகே கொண்டுவந்தால் பாதிச் சிக்கல் தீரும். தலையில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடி உலகத்தை உண்மை அளவிலும் ஆழத்தோடும் காட்டுவதால் அது இன்னும் மேல். செலவுதான் கூடுதல்.

அடுத்தது தாமதம். கை அசைந்ததிலிருந்து திரையில் காட்சி மாறும்வரை ஆகும் நேரம் கூடினால் ஊசலாட்டமும் கூடும். விமான நிறுவனங்கள் பயன்படுத்தும் உயர்தரச் சிமுலேட்டர்களுக்கு அமெரிக்க விதிகள் நெடுங்காலம் வைத்திருந்த எல்லை 150 மில்லிவினாடி. பழைய கணினியில் மரம், வீடு, நிழல் எல்லாவற்றையும் உச்ச அளவில் ஓடவிட்டால் காட்சி திக்கித் திக்கி நகரும். இழுவைப் பயிற்சிக்கு அழகான காட்சி தேவையில்லை. தடையில்லாமல் ஓடும் காட்சி போதும்.

உடல் உணர்வை எந்த மேசைக் கணினியும் தர முடியாது. நிஜக் கிளைடரில் கயிறு தொய்ந்தால் முன்னோக்கிய இழுப்பு அற்றுப்போவதை முதுகு உடனே சொல்லும். தொய்வு மீண்டும் இறுகும் கணத்தில் ஓர் உலுக்கல் வரும். காற்றின் சத்தம் வேகத்துக்கேற்ப ஏறி இறங்கும். கலங்கிய காற்றுக்குள் இறங்கினால் இருக்கையே நடுங்கும். கண் காண்பதற்கு முன்பே உடல் அறிந்துவிடும் இந்தச் செய்திகள் இல்லாமல், கண்ணை மட்டும் நம்பிப் பறப்பது நிஜத்தைவிடக் கடினம். ஒரு விதத்தில் இது நல்ல செய்தி. கணினியில் நிலையாக நிற்கப் பழகியவர், நிஜத்தில் உடலின் துணையும் சேரும்போது வேலை இலகுவாவதைக் காண்பார்.

கயிறு, கணக்கில் எழுதக் கடினமான பொருள். சிமுலேட்டர்கள் பெரும்பாலும் அதை இரண்டு கொக்கிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு விசைச்சுருளாகக் கணக்கிடுகின்றன. இறுகினால் இழுக்கும், தொய்ந்தால் ஒன்றும் செய்யாது. நிஜக் கயிற்றுக்கு எடை உண்டு. காற்றில் அது வளையும். நைலான் என்றால் நன்றாக நீண்டு சுருங்கும். தொய்வை எடுக்கக் கற்பிக்கப்படும் நுட்பம், கயிறு இறுகப்போகும் நொடியில் கிளைடரின் வேகம் இழுவிமானத்தின் வேகத்தோடு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொள்வது. அந்த நுட்பத்தின் வரிசையைக் கணினியில் கற்கலாம். அதன் நேரத்தை மைதானத்தில்தான் கற்க முடியும்.

இழுவிமானத்தைப் பற்றிய பொய் இதைவிட ஆபத்தானது. வீட்டுச் சிமுலேட்டரில் அதை ஓட்டுவது நிரல். பின்னால் கிளைடர் என்ன செய்தாலும் பல நிரல்களில் இழுவிமானம் தன் பாதையிலேயே போய்க்கொண்டிருக்கும். உண்மையில் கிளைடர் மிகையாக மேலேறினால், கயிறு இழுவிமானத்தின் வாலை மேலே தூக்கிவிடும். மூக்கு தரையை நோக்கிக் கவிழும். முன்னால் இருக்கும் விமானி ஸ்டிக்கை முழுதும் பின்னால் இழுத்தாலும் பயனிராது. பளு ஏறிய கொக்கி திறக்க மறுக்கவும் கூடும். தாழ்ந்த உயரத்தில் இது நடந்தால் சில வினாடிகளில் இழுவிமானம் தரையில் மோதும். கிளைடரில் இருப்பவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். முன்னால் இருப்பவர் இறந்துபோவார். இந்த ஒரு விபத்துக்காகவே, இழுவிமானம் பார்வையிலிருந்து கீழே மறைந்தால் கணமும் தாமதியாமல் கயிற்றை விட வேண்டும் என்பது விதியாக இருக்கிறது. மேலேயும் கீழேயும் அலைந்தபடி கணினியில் இழுவையை முடித்து, முடித்துவிட்டோமே என்று மகிழ்பவர், நிஜத்தில் இன்னொருவரின் உயிரோடு விளையாடும் பழக்கத்தைத்தான் வளர்த்துக்கொள்கிறார். சிமுலேட்டர் மன்னித்தாலும், பார்வையிலிருந்து இழுவிமானம் மறைந்த அந்தப் பயிற்சியைத் தோல்வி என்றே எண்ண வேண்டும்.

தரையோட்டத்திலும் குறை உண்டு. தொடக்கத்தில் ஒருவர் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவார். அவர் விட்ட பிறகு, வேகம் போதாத முதல் சில வினாடிகளில், இறக்கையைச் சமன்செய்யும் எய்லரான்கள் முழுதும் அசைந்தும் பலன் மெதுவாகத்தான் வரும். நுனி புல்லில் பட்டால் கிளைடர் அந்தப் பக்கம் சுழன்றுவிடும். மேசைச் சிமுலேட்டர்களில் புல் பெரும்பாலும் மிகையாக இரக்கம் காட்டும். நுனி உரசினாலும் கிளைடர் நேராக ஓடும். நிஜத்தில் நுனி தாழ்கிறது, கையால் தடுக்க முடியவில்லை என்றால், அது தரையைத் தொடுவதற்கு முன்பே கயிற்றை விட்டாக வேண்டும். வின்ச்சில் இது இன்னும் கண்டிப்பானது. ஒரு நுனி தரையில் மாட்டிய நிலையில் கம்பி இழுத்தால் கிளைடர் குப்புறப் புரண்டுவிடும்.

கையைப் பற்றி ஒரு சொல். கயிற்றை விடுவிக்கும் குமிழ் இன்றைய கிளைடர்களில் பெரும்பாலும் மஞ்சள் நிறம். இறக்கத்தைக் கூட்டும் ஏர்பிரேக்கின் கைப்பிடி நீலம். ஏற்றம் முழுவதும் இடது கை மஞ்சள் குமிழின் மேலோ அதன் அருகிலோ இருக்க வேண்டும். கணினியில் விடுவிப்பு என்பது ஏதோ ஒரு விசையைத் தட்டுவது. அவசரத்தில் கை போகும் இடம் பழகிய இடம்தான். அதனால் மேசையின் இடது ஓரத்தில், நிஜக் குமிழ் இருக்கும் உயரத்தில், ஒரு பொத்தானையோ இழுகயிறு கட்டிய சுவிட்சையோ பொருத்தி, மஞ்சள் நாடா சுற்றி வைப்பது சிறு செலவில் பெரும் பயன் தரும். வாலிலுள்ள திசைத்தகடான ரடருக்குக் கால் மிதி வாங்கியே ஆக வேண்டும். முறுக்கும் ஜாய்ஸ்டிக்கில் ரடரைப் பழகியவரின் கால்கள் நிஜக் கிளைடரில் சும்மா கிடக்கும்.

வின்ச்சுக்கு வரும்போது உண்மையின் பங்கீடு மாறிவிடுகிறது. பின்தொடர இங்கே இழுவிமானம் இல்லை. ஆகவே காட்சி அளவின் சிக்கல் அவ்வளவாக இல்லை. மாறாக, உடல் உணர்வு பெரும்பங்கு வகிக்கிறது. கிளைடர் மூன்று நான்கு வினாடிகளில் நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். அந்த உந்துதலில் முதுகு இருக்கையில் அழுந்தும். மூக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதை உடல் தவறாகச் சொல்லும். சிறிது நேரத்தில் கிளைடர் 45 டிகிரி சாய்வில், வானத்தை மட்டுமே பார்த்து ஏறிக்கொண்டிருக்கும். விமானி பக்கவாட்டில் இறக்கை நுனியையும் தொடுவானத்தையும் பார்த்துத்தான் சாய்வை அறிய வேண்டும். ஒற்றைத் திரையில் பக்கப் பார்வை கிடைக்காது. தலையசைவைப் பின்தொடரும் கருவியோ மெய்நிகர் கண்ணாடியோ இங்கே மிகவும் உதவும்.

வின்ச் ஏற்றத்தில் இறக்கை தாங்குவது கிளைடரின் எடையை மட்டும் அன்று, கம்பியின் இழுப்பையும் சேர்த்து. பளு இரண்டு மடங்கானால் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் வேகம், 1.41 மடங்காகும். சாதாரணமாக 36 நாட் வேகத்தில் ஸ்டால் ஆகும் கிளைடர், கம்பியின் முழு இழுப்பில் 51 நாட் வேகத்திலேயே ஸ்டால் ஆகிவிடலாம். போதிய வேகம் வருமுன் மூக்கைச் சடாரென்று தூக்கினால், தரைக்குச் சற்று மேலேயே ஓர் இறக்கை ஸ்டாலாகி, கிளைடர் தலைகீழாகப் புரளும். பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் 2005-இல் வின்ச் பாதுகாப்புக்கென்றே தனி இயக்கம் தொடங்கியபோது முன்வைத்த முக்கிய ஆபத்துகளில் இதுவும், இறக்கை நுனி தரையில் படுவதும் உண்டு. ஒரு சிமுலேட்டரைச் சோதிக்க நல்ல வழி இதிலேயே இருக்கிறது: வேகம் வருமுன் வேண்டுமென்றே மூக்கைத் தூக்கிப் பார்க்கலாம். கிளைடர் தண்டனையின்றி ஏறிவிட்டால், அந்தச் சிமுலேட்டரின் வின்ச்சை நம்பக்கூடாது.

கம்பி அறுவது சிமுலேட்டர் மிகச் சிறப்பாக உதவும் இடம். 45 டிகிரியில் ஏறும்போது கம்பி அறுந்தால், கிளைடர் ஓரிரு வினாடிகளில் வேகத்தை இழக்கும். மூக்கை உடனே, தாராளமாகத் தாழ்த்த வேண்டும். தாழ்த்திய பிறகும் வேகம் உடனே வராது. தரையிறங்குவதற்குரிய வேகத்தை வேகமானி காட்டும்வரை திரும்பவும் கூடாது, ஏர்பிரேக்கைத் திறக்கவும் கூடாது. அதன் பிறகுதான் முடிவு: எதிரே மைதானம் போதுமானால் நேராக இறங்குவது, போதாவிட்டால் சிறிய சுற்று ஒன்று சுற்றி வருவது. மூக்கைத் தள்ளும்போது இருக்கை நழுவுவதுபோல வரும் அச்சத்தைக் கணினி தராது. ஆனால் இந்த வரிசையைத் தரும். காற்றின் திசையையும் மைதானத்தின் நீளத்தையும் மாற்றி மாற்றி, 30 மீட்டரில், 80 மீட்டரில், 150 மீட்டரில் கம்பியை அறுத்துப் பார்க்கலாம். மைதானத்தில் இப்படி ஒவ்வொரு முறைக்கும் ஓர் ஏற்றம் செலவாகும். சில உயரங்களில் ஆசிரியரே செய்து காட்டத் தயங்குவார். வீட்டில் ஒரு மணி நேரத்தில் இருபது முறை செய்யலாம். விமான இழுவையிலும் இதே கதைதான். அமெரிக்கப் பயிற்சியில் 200 அடிக்குக் கீழே கயிறு அறுந்தால் எதிரே இறங்குவது, மேலே என்றால் மைதானத்துக்குத் திரும்புவது பற்றிச் சிந்திப்பது என்று ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். இழுவிமானம் இறக்கைகளை ஆட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். ரடரை மட்டும் ஆட்டினால் கிளைடரின் ஏர்பிரேக் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு சைகைகளையும் குழப்பிக்கொண்டு, தேவையின்றித் தாழ்ந்த உயரத்தில் கயிற்றை விட்டவர்கள் உண்டு. முடிவெடுக்கும் பழக்கம் காட்சியின் நேர்த்தியையோ இருக்கையின் அசைவையோ நம்பியிருப்பதில்லை. அதனால்தான் இந்தப் பகுதியில் மேசைக் கணினி தன் விலையைவிடப் பலமடங்கு தருகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை, கயிறு எப்போது அறும் என்பது பறப்பவருக்குத் தெரியக்கூடாது. ஆண்டாப் ஹில்லின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இதற்கு வழி எளிது. ஒரு மடக்கு மேசை, முகத்தருகே திரை, தரையில் சறுக்காதபடி சுவரில் முட்டுக்கொடுத்த கால் மிதி, தாழ்ந்த நாற்காலி. கூட இன்னொருவர் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவருக்குத் தோன்றும் உயரத்தில் கயிற்றை விடுவிக்க வேண்டும். பறப்பவர் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன், எந்த உயரத்தில் அறுந்தால் என்ன செய்வேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மைதானத்திலும் இதையே கேட்பார்கள்.

கணினிப் பழக்கம் கொண்டுவரும் தீங்குகளையும் ஆசிரியர்கள் எளிதில் அடையாளம் காண்பார்கள். வேகமானியையே வெறித்துப் பார்ப்பது முதலாவது. வெளியே பார்த்துப் பறக்க வேண்டிய விமானத்தில் கண் உள்ளேயே கிடக்கும். மற்ற விமானங்கள் வருகின்றனவா என்று சுற்றிலும் பார்க்காமலே கயிற்றை விட்டுத் திரும்புவது இரண்டாவது. சுருள் வில் கொண்ட ஜாய்ஸ்டிக்கின் இறுக்கம் எப்போதும் ஒன்றே. நிஜ ஸ்டிக் வேகத்துக்கேற்ப இறுகும், தளரும். அதனால் முதல் சில ஏற்றங்களில் கை முரட்டுத்தனமாக இயங்கும். மாணவர் தான் எந்தச் சிமுலேட்டரில், எந்த ஏற்ற முறையை, எவ்வளவு காலம் பழகினார் என்பதை முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது. எதைச் சீக்கிரம் கடந்துபோகலாம், எதை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் முடிவு செய்துகொள்வார். உரிமத்துக்கான கணக்கில் சேர்வது மைதானத்தில் கொக்கி மாட்டி ஏறிய ஏற்றங்கள். கணினியில் ஏறியவை அந்தப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை.